கடன் கேட்க வந்தவர் என்று சாயா கொடுத்தேன்

சகோதரிகளே, சீனாவோடு சண்டை நடந்ததற்கு முந்தின மழையில்தான் எங்கள் கஷ்டம் தொடங்கியது. மட்டாஞ்சேரிக் கிடங்கில் வைத்திருந்த சுக்கு மூட்டையெல்லாம் நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. என்ன சுக்கு தெரியுமா? தெருமுனைக்கே மணக்கும். அந்தக் கவலையிலேயே என் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார்.

நம் வழக்கப்படி பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் என் ஒரே மகன் காதர் எழுந்து நின்றான். "அத்தா யாருக்காச்சும் கடன் குடுக்கணும்னா எங்கிட்ட கேளுங்க. இனி நாந்தான் பொறுப்பு" என்றான். அன்றிலிருந்து எங்கள் வாசலில் ஆள் ஓயவில்லை. குஜராத்தி சேட் வந்தார், சாக்குக் கடைக்காரர் வந்தார். விற்பனை வரி பாக்கி என்று சர்க்கார் ஆளும் வந்தார். யார் வந்தாலும் உட்காரவைத்து சாயா கொடுப்பேன். கேட்டு வந்தவரை நிற்கவைத்து அனுப்பலாமா?

சண்டை முடிந்த மறுவருஷம், காயலுக்கு அக்கரையில் கடற்படைக் கிடங்கில் காதருக்கு எழுத்தர் வேலை வருவதுபோல் இருந்தது. ஆனால் முதலில் போலீஸ் விசாரிக்குமாம். கடன் உள்ளவனை எதிரி காசு காட்டி வளைத்து, ரகசியத்தை வாங்கிவிடுவான் என்ற பயமாம். அந்த வேலை கிடைக்காவிட்டால் குவைத்துக்குக் கப்பல் ஏறுவதாக அவன் சொல்லிவிட்டான்.

என் தம்பி அவனிடம், "ஃபாரத்துல கடன் இல்லைன்னு எழுதிடுடா, யாரு பாக்கப் போறா?" என்றான்.

"பள்ளிவாசல்ல அத்தன பேர் முன்னால ஏத்துக்கிட்டத எப்படி மாமா மறைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, வரி பாக்கி உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான்.

எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கப்பைக் கிழங்கு வேகவைக்கும்போதே, நாளைக்கு இது யாருக்கு என்று தோன்றும். இன்னும் போகாத மகனை நினைத்து ஏங்கினேன். படகுத்துறைப் பக்கமிருந்து யார் நடந்து வந்தாலும் அவன்தானோ என்று பார்ப்பேன். ஒவ்வொரு தொழுகையிலும், "யா அல்லாஹ், பணம் கேக்கல. எம்புள்ளைய சாயங்காலமானா வீட்டுக்கு வரவை" என்று கேட்டேன். வேறு துஆவே வாயில் வரவில்லை.

ஒரு நாள் பகலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மலையாளி வந்தார். "காதரின்ட வீடு இதுதானா உம்மா? கடன் விஷயமா கொஞ்சம் கேக்கணும்" என்றார்.

நான் பெஞ்சில் சாயாவை வைத்துவிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். "உங்களுக்கு எவ்வளவு தரணும் மோனே? எம்மகன் தந்துடுவான். சேட்டுக்கு மாசாமாசம் போவுது. வரி ஆபீசுக்கு அவனே போய் தவணை கேட்டு வாங்கிட்டு வந்தான். உங்களுக்குக் கொஞ்சம் தாமசமாகும், கோச்சுக்காதீங்க" என்று ஒன்று விடாமல் சொன்னேன். மனிதர் சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போவதைப் பார்த்த தம்பி ஓடிவந்தான். "அக்கா, அது மஃப்டி போலீசு! எல்லாத்தயும் கொட்டிட்டியா?"

மகனை நானே கப்பலில் ஏற்றிவிட்டேனே என்று முசல்லாப் பாயில் விழுந்து அழுதேன்.

பிறகு ஒரு நாள் காதர் சிரித்துக்கொண்டே வந்தான். "வேலை கெடச்சிடுச்சும்மா!" விசாரிக்க வந்தவரே அவனிடம் சொன்னாராம்: "ஒளிச்சுவெச்ச கடன்னாத்தான் எங்களுக்குப் பயம். வர்றவனுக்கெல்லாம் சாயா குடுத்து உங்க உம்மா சொல்லிடறாங்க. பின்ன இத வெச்சு உன்ன யாரு மிரட்ட முடியும்?"

அல்ஹம்துலில்லாஹ்! அல்லாஹ் என் வாயை அடைக்காமல் விட்டதே எனக்குச் செய்த உதவி. சேட்டின் கடன் தீர்ந்தது, வரியும் தீர்ந்தது. இப்போது பேரப்பிள்ளைகளும் ஆகிவிட்டார்கள். சாயங்காலம் அஸர் தொழுததிலிருந்து என் காது வாசலில்தான் இருக்கும். படகு தாமதமானால் இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் வந்து "அம்மா, பசிக்குது" என்பான். கேட்டுக் கேட்டு வாங்கிய குரல் அல்லவா!

நீங்களும் யாருக்காகவோ ஏங்கிக்கொண்டிருப்பீர்கள். உள்ளதை உள்ளபடி அல்லாஹ்விடம் சொல்லி, அந்தப் பிள்ளையின் பேரையும் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.