மூன்றாவது தடவை

மாலகி டூஹி பால் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வயது அறுபத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. அயர்லாந்தில் ரோஸ்காமன் பக்கம் அவரை நேரில் பார்க்காதவர்கள்கூட அவருடைய கேரட் சண்டையை அறிவார்கள். ஸ்டூ என்றால் ஆட்டுக் கழுத்துக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு, உப்பு, மிளகு, தண்ணீர். அவ்வளவுதான். தம்பி மனைவி அதில் கேரட் போட்டாள் என்று அவள் வீட்டில் இரண்டு வருஷம் கை நனைக்காத மனுஷன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் சட்டி அடுப்பில் ஏறிவிடும். அடியில் மெல்லிய கிழங்குத் துண்டுகள், கரைந்து சாற்றைக் கெட்டியாக்க. மேலே முழுக் கிழங்கு, ஆவியில் வேக. நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது.

வியாழனுக்குக் காரணம் இருந்தது. அன்றுதான் கடை விளம்பரத் தாள் வரும். கடிதமே இல்லாவிட்டாலும் அந்தத் தாளோடு தபால்காரி அட்ராக்டா பீர்ன் பச்சை வேனில் வந்து நிற்பாள். கணவன் இறந்து பதினாலு வருஷம் ஆகியும் வாயில் கேலி குறையாதவள்.

அந்த ஊரில் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை மறுப்பது மரியாதை. இரண்டாம் தடவை மறுப்பது நல்ல வளர்ப்பு. மூன்றாம் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். பசியில் கண் இருண்டாலும் முறை முறைதான். மாலகிக்கும் இது தெரியும். ஆனால் பதினோரு வருஷமாக இரண்டோடு நிறுத்திவிடுவார். மூன்றாவது தடவை கேட்டால் அது சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுவதாக இருக்காது என்று பயம். பாவம்.

இந்த வாரத்தோடு அட்ராக்டாவுக்கு வேலை முடிகிறது. திங்கள் முதல் வேறு ஆள். அப்புறம் இந்தப் பாதையில் அவள் வர ஒரு காரணமும் இல்லை. மாலகி காலையிலிருந்து மூன்று முறை மூடியைத் திறந்துவிட்டார்.

"வாசனை தெருமுனை வரைக்கும் வருது," என்று தாளை நீட்டினாள் அட்ராக்டா.

"ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் போங்களேன்."

"ஐயோ வேணாம். இப்பதான் டீ குடிச்சேன்."

"கொஞ்சமா."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம். வரட்டுமா?"

வழக்கம்போல் மாலகி தலையாட்டினார். அவள் வேனில் ஏறி இன்ஜினைக் கிளப்பினாள். கண்ணாடியைச் சரி செய்தாள். இன்னொரு முறை சரி செய்தாள். சீட் பெல்ட்டை ஆற அமர மாட்டினாள். இவ்வளவு நிதானம் எதற்கு என்று யோசித்தபோதுதான் மாலகிக்கு உறைத்தது. கையில் கரண்டியோடு, வெறும் சாக்ஸோடு, சேற்றில் இறங்கி ஓடினார்.

ஜன்னலைத் தட்டி, "அட்ராக்டா, சாப்பிட வாங்க," என்றார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். "பதினோரு வருஷம், மாலகி. ரெண்டுக்கு மேல உங்களுக்கு எண்ணவே வராதோன்னு நெனச்சுட்டேன்."

இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு கேரட் போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்றாள். மாலகி காலிக் கிண்ணங்களை எடுத்துக் கழுவப் போனார்.

அடுத்த வியாழன் அவள் தபால் இல்லாமல் வந்தாள். ஒரு தடவைகூடக் கேட்க வைக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் கிண்ணத்தில் கேரட் கிடந்தது. மாலகியின் கிண்ணத்திலும் கிடந்தது.