நம்பர் விழாத அழைப்பு

அம்மாக்கண்ணு வாய் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லி அந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் கேட்டதில்லை. உடப்புசல்லாவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். தண்ணீர்ப் பீலியில் சண்டை மூண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுவாள். அப்படிப்பட்டவள் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, கொழுந்து நிறுக்கும் இடத்தில், அத்தனை பேர் முன்னால், போனில் ஒருவனைக் குலம் கோத்திரத்தோடு திட்டித் தீர்த்தாள்.

போன் மகள் தனுஜாவுடையது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கார அம்மா மனம் வைத்தால், ஐந்து நிமிடம் பேசுவாள். அங்கிருந்து அழைத்தால் போனில் நம்பர் விழாது. நம்பர் இல்லாமல் மணி அடித்தால் அது தனுஜா. போனைப் பற்றி அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டுதான் மலைக்குப் போவாள்.

மாசி மாதத்தில் ஒருவன் அழைக்கத் தொடங்கினான். அவனுக்கும் நம்பர் விழவில்லை.

"தனுஜாதானே?" என்றான்.

மகளை அனுப்பிய ஏஜென்சிக்காரன், ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்தாள். எம்புள்ளைக்கு என்னங்க ஆச்சு என்று கேட்டாள். அவன் சிரித்தான். பிறகு, என்ன உடுத்தியிருக்கிறாய் என்று கேட்டான்.

அன்றிலிருந்து நாளைக்கு ஏழெட்டுத் தடவை. எடுக்காமல் விடவும் முடியாது, எடுத்தால் காது கூசும். நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டாள். போன் கம்பெனியில் பொலிஸ் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். பொலிஸில் நம்பரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினால் தனுஜாவுக்கு யார் போய்ச் சொல்வது? அவள் மனப்பாடமாக வைத்திருப்பது இந்த ஒரு நம்பரைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே அவன் நாலு தடவை அழைத்துவிட்டான். தராசில் கொழுந்து தொங்கிக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது மணி அடித்தது. நம்பர் இல்லை. பச்சைப் பட்டனை அமுக்கியவள் எதிர்ப்பக்கம் பேசவே விடவில்லை. எல்லாம் கொட்டி முடித்து மூச்சு வாங்கியபோது, "அம்மா" என்று சின்னதாக ஒரு குரல் கேட்டது. லைன் அறுந்தது.

"அக்கா வாயில இம்புட்டு இருந்துச்சா? நாங்க தெரியாமப் போயிட்டோமே" என்றார் கங்காணி வீரய்யா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு போனைப் பார்த்தபடியே நின்றாள்.

அடுத்த மாதம் நாலு வெள்ளியும் மகளிடமிருந்து அழைப்பு வரவில்லை. அவன் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

போனில் காசு தீர்ந்து, ரீலோட் போட பஜாரில் செல்லசாமி கடைக்குப் போனாள். தனுஜா போனுக்குப் போடுங்க முதலாளி என்றாள், எப்போதும் சொல்வது போல. மேசையோரம் நூலில் தொங்கிய கொப்பியில் அவர் நம்பரை எழுதி, பக்கத்தில் 'தனுஜா' என்று எழுதினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு உச்சியில் சுரீரென்றது. லயத்தில், மலையில், கோயிலில் எங்கே கேட்டாலும் இது அம்மாக்கண்ணு போன். தனுஜா என்ற பெயரோடு இந்த நம்பர் கிடப்பது இந்தக் கொப்பியில் மட்டும்தான்.

எவன் இதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறான் என்று கேட்டாள். கொப்பி பொதுவாகத் தொங்குகிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் புரட்டுவான், தனக்கென்ன தெரியும் என்றார் செல்லசாமி. பிறகு புத்தியும் சொன்னார்: "எடுக்காம விட்டுப் பாருங்க அக்கா. சலிச்சுப் போயிருவான்."

முதன்முறையாக அவரை அவள் நீ என்றாள்.

"எம்மவ கூப்புட்டாலும் நம்பர் விழாது, அவன் கூப்புட்டாலும் விழாது. எதை எடுக்க, எதை விட? நீ சொல்லு."

அவள் நூலைப் பிடுங்கி எறிந்து, கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் கத்தியது பஜார் முழுக்கக் கேட்டது.

மறுநாள் நிறுவை முடிந்ததும் கொப்பியை விரித்து, பொம்பளைப் பெயர்களைக் கங்காணியை ஒவ்வொன்றாக வாசிக்க வைத்தாள். ஒங்களையும் அவன் கூப்புடுறானா என்று கேட்டாள். கூடப் பறிக்கும் நாகலெட்சுமி சேலையை விலக்கி, தோளில் கன்றியிருந்த இடத்தைக் காட்டினாள். "நம்பர் இல்லாம எவன்டி ஒன்னயக் கூப்புடுறான்னு எங்க வீட்டுக்காரரு அடிச்சது" என்றாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக, பதினோரு பேர். மூன்று மாதமாக ஒரே நிரையில் நின்று பறித்தவர்கள், ஒருத்தி சொல்லி ஒருத்திக்குத் தெரியாது. வீரய்யா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பதினோரு பேரும் கூடையோடு கடைக்கு இறங்கினார்கள். இனி கொப்பி மேசைக்கு உள்ளே இருக்கும், பெயர் எழுதக் கூடாது, இல்லையென்றால் இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பொம்பளை படியேற மாட்டாள் என்று அம்மாக்கண்ணு சொன்னாள். பழைய பக்கங்களை அவர் கண்ணெதிரே கிழித்தார்கள். செல்லசாமி தலையாட்டினார். அவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவும் இல்லை. எழுதிக்கொண்டு போன நம்பர் போனதுதான். இன்னமும் அழைத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மலையில் மணி அடித்தது. நம்பர் இல்லை. நிரையில் கைகள் நின்றன. அம்மாக்கண்ணு காதில் வைத்தாள், பேசவில்லை. அந்தப் பக்கமும் பேசவில்லை. அவன்தான் என்று பல்லைக் கடித்தாள்.

"அம்மா," என்றது குரல், "இன்னைக்கும் திட்டப் போறியா?"