தையல்காரம்மா வீட்டுக் கரையான்

தன் கடையில் யாரையும் பேரம் பேசவிடாத தையல்காரம்மா, வீட்டுக் கதவு நிலையில் கரையான் ஏறியதும் மருந்தடிப்பவர்கள் இரண்டு பேரை அழைத்து விலை கேட்டார். இரண்டாவதாக வந்தவர் சொன்ன தொகை, முதலாமவர் கேட்டதைப்போல் ஐந்து மடங்கு.

"ஒரே கரையானுக்கு ஏங்க ரெண்டு விலை?"

"அவர் நிலைக்கு மட்டும் மருந்தடிப்பாரும்மா. நான் சுவரோரமா துளை போட்டு, வீட்டைச் சுத்தி மண்ணுக்குள்ளயே மருந்து இறக்குவேன். அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப வந்தா, காசு வாங்காம அடிச்சுத் தருவேன்."

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த கணவர் தலை நிமிராமல், "லைனிங் வச்ச ரவிக்கைக்கும் வைக்காததுக்கும் ஒரே கூலியான்னு நேத்துக் கடையில துணி தைக்க வந்தவங்ககிட்ட யாரோ சண்டை போட்டாங்க," என்றார்.

தையல்காரம்மா கணவரை முறைத்தார். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. பெரிய தொகைக்கே சம்மதித்தார். கூடவே மர அலமாரிக்கும் சும்மா அடித்துத் தருவதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் மருந்துக்காரரை வாசல் தாண்டவிட்டார்.