டிரில் டீச்சரின் மஞ்சள் கண்ணாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடி கிடக்கிறது. மூக்குக் கண்ணாடி அல்ல. பனிமலையில் சறுக்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிற, பாதி முகத்தை மறைக்கும் பெரிய கண்ணாடி. நல்ல எலுமிச்சை மஞ்சள் நிறம். ஓரத்துத் தோல் விறைத்துப் போய்விட்டது. தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டும் எலாஸ்டிக்கை நான்தான் புதிதாகத் தைத்தேன். மதுரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு இது எதற்கு என்று கேட்கிறவர்களிடம், எங்கள் டிரில் டீச்சருடையது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். முழுக்கச் சொல்ல ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும்.

அறுபதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். டிரில் டீச்சரும் நானும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். நெடுநெடுவென்ற உயரம், கழுத்தில் விசில், கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி. வடக்கே பனிமலையில் பெண் ஆசிரியைகளுக்குச் சறுக்குப் பயிற்சி என்று ஓர் அறிவிப்பு வந்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்து, தேர்வும் ஆகிவிட்டார். பனிக்கண்ணாடியை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஒங்க மூக்குக் கண்ணாடிக்கு மேல அது உக்காரலைன்னா ஆசைய விட்டுருங்க டீச்சர். கண்ணு தெரியாம எங்கயாச்சும் விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" அன்று சாயங்காலம் விளையாட்டுப் பீரியடில் விசில் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

எனக்கும் இதில் ஒரு சுயநலம் இருந்தது. வருடா வருடம் கரும்பலகையில் பனியாறு வரைந்து பாடம் நடத்துகிறேனே தவிர, பனியைக் கண்ணால் கண்டதில்லை. வெள்ளை என்று புத்தகம் சொல்கிறது. எப்படிப்பட்ட வெள்ளை? சுண்ணாம்பா, பஞ்சா, பாலா? போய்வந்து சொல்ல நமக்கென்று ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் நானும் கூடவே அலைந்தேன்.

பனிக்கண்ணாடி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் அது கிடைத்ததுதான் விசேஷம். சொந்த நாட்டுக்குத் திரும்புகிற வெள்ளைக்காரக் குடும்பங்களின் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கும் பாய் ஒருவர் பஜாரில் கடை வைத்திருந்தார். அவர் ஒரு டிரங்குப் பெட்டியைக் குடைந்து மூன்றை எடுத்துப் பலகையில் பரப்பினார். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று மஞ்சள். "கறுப்ப எடுத்துக்கங்க டீச்சரம்மா. அக்கினி நட்சத்திரத்துக்கே அசையாது. மஞ்சள் சின்னப் பிள்ளைக வெளையாடுறது" என்றார். அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் கறுப்பு, மூக்குக் கண்ணாடியை முகத்தோடு சேர்த்து அழுத்தியது. பழுப்பு ஓரளவு உட்கார்ந்தது. மஞ்சள் மட்டும் அளவெடுத்துச் செய்ததுபோல் மேலே பொருந்தியது.

இருந்தாலும் டிரில் டீச்சர் சோதித்துப் பார்க்காமல் எதையும் எடுக்கிறவர் அல்ல. பனிக்கு எங்கே போவது? மலைமேல் கவுஞ்சி கிராமத்துப் பக்கம் மார்கழியில் வயலெல்லாம் உறைபனி பூக்கும் என்பார்கள். நாங்கள் கடைக்குப் போனதோ ஆடி மாதம். அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து பஜாரை மூடியது. "அங்கயும் இப்பிடி வெள்ளையாத்தான இருக்கும்? இதுலயே பாத்துருவோம்" என்று வாசலில் இறங்கி ஒவ்வொன்றாக மாட்டினார். கறுப்பில் எதிரே வந்த ஆள்கூடத் தெரியவில்லை. பழுப்பு பரவாயில்லை. மஞ்சளைப் போட்டதும், எதிர் ரொட்டிக்கடைப் பலகையை எழுத்து எழுத்தாக வாசித்தார். எனக்கும் மாட்டிவிட்டார். மேகத்துக்குள் விளக்கேற்றி வைத்தமாதிரி இருந்தது. உள்ளே ஆவி படிந்ததற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். வத்தலக்குண்டு பஸ் டிரைவர்கள் மழை நாளில் முன் கண்ணாடியில் வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்பது நினைவுக்கு வர, ஒன்றை வாங்கித் தேய்த்துப் பார்த்தார். ஆவி படியவில்லை. தலைமையாசிரியை முன்னால் அதை மாட்டிக்கொண்டு நாட்காட்டியின் சின்ன எழுத்தை வாசித்துக் காட்டி, அனுமதியும் வாங்கிவிட்டார்.

தை பிறந்து போனவர் மாசியில் திரும்பினார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சூழ்ந்துகொண்டோம். நான் முந்திக்கொண்டு, பனி எப்படிப்பட்ட வெள்ளை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வெள்ளையெல்லாம் இல்ல டீச்சர். நீலம்."

ஒரே சிரிப்பு. அவர் விளக்கினார். மற்றவர்கள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி, இவர் ஒருவர்தான் மஞ்சள். லேசான கண்ணாடி, பலவீனமான கண் என்பதால் வெளியே நிற்கும்வரை அதைக் கழற்றவே கூடாது என்று பயிற்சியாளர் உத்தரவு. அவ்வப்போது திருட்டுத்தனமாக ஒரு நொடி தூக்கிப் பார்த்திருக்கிறார். எப்போது பார்த்தாலும் நீலம். கணக்கு டீச்சர் விடவில்லை. "டெல்லியில எறங்கி ஐஸ் கம்பெனியப் பாத்துட்டு வந்துட்டாங்களோ என்னமோ!" கையில் ஒரு புகைப்படம்கூட இல்லாததால் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் 'நீலப்பனி டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். பொய் சொல்லியே அறியாத மனுஷி அவர். அதன் பிறகு பனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. அசதியில் ஏதோ பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் மாற்றலாகிப் போனபோது, "இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் ஒங்க சோலிதான்" என்று கண்ணாடியை என் பையில் திணித்தார்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, கனடாவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போயிருந்தேன். கதவைத் திறந்தால் தெரு முழுக்கப் பனி. புத்தகத்தில் உள்ளபடியே வெள்ளை. டிரில் டீச்சருக்காக மனசு சுருங்கிவிட்டது. பிறகுதான், அவர் நாள் முழுக்கக் கழற்றாமல் இருந்தாரே என்று உறைத்தது. மஞ்சளை மாட்டிக்கொண்டு பேத்தியோடு பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நேரம் போகப் போக மஞ்சள் என்பதே மறந்துபோனது. மெல்லத் தூக்கினேன்.

நீலம். கூரை, மரம், தெரு எல்லாம் வேட்டிக்கு நீலம் போட்டு அலசியதுபோல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து மறைந்தது. மஞ்சளுக்குப் பழகின கண், மஞ்சள் போனதும் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். அவர் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வத்தலக்குண்டில் தம்பி வீட்டில் இருந்த அவருக்கு, மகளின் கைபேசியிலிருந்து அங்கே நின்றபடியே பேசினேன்.

"டீச்சர், நீலம்தான். இப்ப என் கண்ணால பாத்தேன்."

உடனே பழைய விசில் குரல் வந்தது.

"பாத்தேன்னா? வெளியில நின்னுக்கிட்டா கழட்டினீங்க? வெரசா மாட்டுங்க டீச்சர், கண்ணு கெட்டுரும்!"