ஆற்றைத் தாண்டாத குருவி

செத்த குருவிகளிடம் ஊர் விசாரிப்பதற்கு ஒரு நாட்டில் சம்பளம் கொடுப்பார்கள் என்று யாழ்ப்பாணத்தில் யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலையைப் பார் என்று சிரித்திருப்பேன். மெல்பேர்னில் ஓர் அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில் எனக்கு அதுதான் வேலை. பஞ்சடைத்த குருவியின் காலில் ஒரு துண்டு கட்டியிருக்கும். அதில் பிடித்த இடம் எழுதியிருக்கும். இடம் எழுதாத குருவி எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஆராய்ச்சிக்காரர் அதைப் பெரிதாக மதிக்கமாட்டார்கள்.

அண்மையில் தென் அமெரிக்க இழுப்பறையைத் திறந்தோம். அமேசன் காட்டுச் சின்னக் குருவி, வார்ப்ளிங் அன்ட்பேர்ட், எறும்புக் குருவி, என்று பெயர். பெயரில்தான் எறும்பு. எறும்புப் படைக்குப் பின்னால் போய், வெருண்டோடும் பூச்சிகளைப் பிடிக்கிற சொந்தக்காரர் சிலரால் குடும்பத்துக்கே ஒட்டிக்கொண்ட பெயராம். இந்தக் குருவி அந்தப் பக்கம் போவதே குறைவு. முந்தி இதெல்லாம் ஒரே இனம். பிறகு குரலைப் பதிவுசெய்து கேட்டவர்கள் ஆறு இனமாகப் பிரித்துவிட்டார்கள். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரித்தான். ஆனால் பல இடங்களில் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் இன்னொன்று. செத்த குருவி பாடாதே! எந்தக் கரையில் பிடித்தது என்று பார்த்துத்தான் புதுப் பெயர் எழுதவேண்டும்.

என்னோடு வேலை செய்யும் ஜூலி இந்த ஊர்க்காரி. "குருவியிடம் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கலாம், வெளியிலிருந்து வந்த உன்னிடம் கேட்கக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியே தந்திருக்கிறார்கள்" என்றாள். பரவாயில்லை, கேள் என்றேன். யாழ்ப்பாணம் என்றதும் "ஓ, லவ்லி" என்று முடித்துவிட்டாள். அவ்வளவுதானா! எங்கட ஆட்கள் அங்கேதான் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் எவ்விடம்? கோயிலுக்கு எந்தப் பக்கம்? ஆர் வீட்டடி? இப்படியே போனால் சாதி கைக்கு வந்துவிடும், அந்தச் சொல்லை வாயால் சொல்லவே தேவையில்லை. இதை ஜூலிக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். "ஒரு தெருவரைக்கும் கேட்பார்களா? எவ்வளவு அக்கறை!" என்று அவள் உருகிப்போனாள். நான் அதோடு விட்டுவிட்டேன்.

என் மகள் சிந்துவும் அதை அக்கறை என்றுதான் நினைத்திருக்கிறாள். இங்கே பிறந்த பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கும் தினேஷுக்கும் கலியாணம் பேச, போன ஞாயிறு பின்னேரம் மெல்பேர்ன் புறநகர் டண்டினொங்கில் உள்ள தினேஷ் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அப்பா ஒரு வெயார்ஹவுசில் வேலை செய்கிறார், அளந்து கதைக்கிற மனிதர். அம்மா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என் கணவர் கோப்பையைத் தொடவில்லை.

"ஊரில நீங்கள் எவ்விடம்?"

"வன்னியில கன காலம் இருந்தனாங்கள்."

"அது இடம்பெயர்ந்து போனதாக்கும். அதுக்கு முதல்?"

தினேஷின் அப்பா என்னைப் பார்த்தார். என் கணவர் கெட்டவரில்லை. ஆனால் எங்கள் கலியாணப் பேச்சிலும் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யார் யார் இருக்கிறார்கள் என்று துருவித் துருவி விசாரித்த பிறகுதான் இவருடைய ஆட்கள் எங்கள் வீட்டில் தண்ணீரே குடித்தார்கள். கதையை மாற்றுவோம் என்று குருவிக் கதையை எடுத்துவிட்டேன்.

"ஆத்தைத் தாண்டாதாமோ? செட்டை இருக்குத்தானே?" என்று கேட்டார் தினேஷின் அப்பா.

"இருட்டுப் பற்றைக்குள்ளயே வளர்ந்தது. வெட்டவெளியைக் கண்டால் பயமாம்."

"பறக்கிற சாமானுக்கும் வேலியோ!" என்றார்.

அதற்குள் சிந்து துள்ளி எழும்பினாள். "அப்பா, வெயிற், நான் காட்டுறன்!" தினேஷிடம் கேட்டு யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய பழைய வீட்டைப் போன் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தாளாம். அப்பா ஆசையாய்க் கேட்பார் என்று! ஐயோ பிள்ளை. போனை என் கணவர் கையில் கொடுத்தாள். இவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். கோயில், பள்ளிக்கூடம், ஒழுங்கை. தினேஷின் அம்மா தட்டத்தோடு அப்படியே நின்றார். பெரியவர்கள் நாலு பேருக்கும் அந்த ஒழுங்கை எந்த ஆட்களுடையது என்று விளங்கியது, பிள்ளைகள் இரண்டும் சிரித்துக்கொண்டு நின்றன. இவர் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினால் கலியாணம் அதோடு சரி. ஏன் என்று என் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றேன். குரலில் இருந்த சூட்டை நான் மறைக்கவில்லை.

இவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "நல்ல சாயத் தேத்தண்ணி" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. தினேஷின் அம்மா அதற்குப் பிறகுதான் தட்டத்தை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கலியாணத்துக்கு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டோம்.

காரில் சிந்து பின் சீற்றிலிருந்து கேட்டாள்: "அப்பா, அந்த இடம் தெரியுமா?"

"தெரியும். அந்த ஒழுங்கையாலதான் பள்ளிக்கூடம் போறனான். சைக்கிள்ள."

"ஸோ, அங்க ஆரின்ர வீட்டுக்காவது போயிருக்கிறீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

இவர் என்னைப் பார்த்தார். ஊர் கேட்டவர்தானே, அவரே சொல்லட்டும்.

"அங்க போகக்கூடாதெண்டு எங்களை வளர்த்தவை" என்றார் கடைசியில்.

பிள்ளை முன்னால் சாய்ந்து, "தினேஷின்ர அப்பாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தவையா?"

சிக்னலில் பச்சை விழுந்தது. இவர் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான், திரும்பவும் அடித்தான். கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. ஆள் மெல்பேர்னில் இல்லை. அந்த ஒழுங்கையில், யாரோ ஒருவருடைய வீட்டு வேலிப் படலைக்கு முன்னால், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சைக்கிளில் நின்றார்.