டொக்டருக்குக் கை வைக்க அனுமதி இல்லை

ஈரப் புல்லும் வலி எண்ணெயும் கலந்த ஒரு மணம்... எழுபதுகளின் கடைசியில், மெல்பேர்னில் ஒரு குளிர்காலச் சனிக்கிழமை.

இலங்கையிலிருந்து ஒரு ஹொக்கி அணி விளையாட வந்திருந்தது. அவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் தாதி. இங்கே தாதியாகப் பதிவு கிடைக்கும்வரை ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கும் வேலை.

பாதி ஆட்டத்தில் ரவி என்ற பெடியன் விழுந்தான். தோள்மூட்டு விலகிவிட்டது.

அணியோடு வந்த குணம் டொக்டர் ஓடினார். மைதானப் பொறுப்பாளர் குறுக்கே வந்து, இங்கே பதிவில்லாத டொக்டர் வைத்தியம் செய்யக்கூடாது, பிறகு எல்லோருக்கும் வில்லங்கம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"டொக்டர், நீங்களே போட்டு விடுங்கோ. போன முறையும் நீங்கள்தானே போட்டனீங்கள்," என்று ரவி அழுதான்.

"போடலாம் தம்பி. இஞ்ச நான் டொக்டர் இல்லையாம்."

என் பழைய காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கஷுவல்டியில் நீண்ட காத்திருப்பு... ரவியின் கையை என் சால்வையால் கட்டி, அதைத் தாங்கியபடியே இருந்தார் குணம் டொக்டர். வேறொன்றும் செய்ய அவருக்கு உரிமை இல்லை. எனக்கும்தான்.

கடைசியில் வந்த இளம் வெள்ளைக்கார டொக்டர் நித்திரை இல்லாத முகத்தோடு இருந்தார். ரவி பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டான். அவர் இழுத்துப் பார்த்தும் மூட்டு அசையவில்லை. விஷயத்தைக் கேட்டறிந்ததும் அவர் திரையை இழுத்து மூடினார். கணக்கில் செய்வது நான்தான், நீங்கள் கையை மட்டும் பிடியுங்கள் என்று குணம் டொக்டரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"மூச்சை விடு ரவி. வீட்டை போனவுடன அம்மாட்ட என்ன சமைக்கச் சொல்லுவாய்?"

"நண்டுக் கறி..." என்று அவன் சொல்லும்போதே, குணம் டொக்டரின் கையில் மூட்டு உள்ளே போய்விட்டது.

திரும்பி வரும்போது குணம் டொக்டர் கேட்டார்.

"பிள்ளை, எப்பிடி இஞ்ச சமாளிக்கிறீர்?"

"பழகீட்டுது டொக்டர்."

பழகியிருக்கவில்லை.

"எனக்கு ஒரு பின்னேரம்தான். உமக்கு..." என்று தொடங்கியவர், முடிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. வெளிநாட்டு அணியோடு வரும் டொக்டர் தன் ஆட்டக்காரருக்கு இங்கே பதிவில்லாமலே வைத்தியம் பார்க்கலாமாம். பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என் மருமகள் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது...

ஆனால் அந்த விலக்கு, வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்கு.

போன கிழமை மெல்பேர்னின் நோபல் பார்க் பகுதியில், தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பெண்ணைக் கண்டேன். வவுனியாவில் டொக்டராக இருந்தவள். இங்கே கிடங்கொன்றில் பெட்டி கட்டுகிறாள். பதிவுக்கான பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கிறாளாம்.

"உங்களுக்குப் பதிவு கிடைக்க எவ்வளவு காலம் எடுத்தது அன்ரி?"

அவள் விரல்களில் டேப் ஒட்டிய பசை இன்னும் போகாமல் இருந்தது. உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

"முதல்ல தேத்தண்ணியக் குடியும், ஆறப்போகுது," என்றேன்.