எஸ்தர் டீச்சர் பெயரில் ஒரு கோப்பை

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பழவங்காடியில் ஒரு கடையில் மகளுக்குச் சாக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கால்பந்து முகாமின் பெற்றோர் குழுவில் அவருடைய பழைய படம் ஒன்று, அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். இரண்டு வருடங்களுக்கு முன் அதே குழுவிலிருந்து அவரை நீக்கியவர்களின் கைகளும் அதில் இருந்தன. கடைக்காரர் என்ன சைஸ் என்று இரண்டு முறை கேட்டார். கையிலிருந்த சாக்ஸை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பாறசாலைக்காரர். மாநில அணிக்கு ஆடியவர். கரமனையில் எங்கள் பள்ளி மைதானத்தில், சனி ஞாயிறு காலைகளில், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குப் பத்து வருடங்களுக்கும் மேல் பயிற்சி கொடுத்தார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியனான நான் அவருக்கு உதவி. கூம்புகளை வைப்பேன், விசில் ஊதுவேன். கற்றுக்கொடுத்ததெல்லாம் அவர்தான். அவரிடம் ஆடியவர்கள் இதைப் படிக்கக்கூடும். நான் எதையாவது எனக்குச் சாதகமாக எழுதியிருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக வரும் பிள்ளைகளை முதல் வாரம் உதைக்கவே விட மாட்டார். வருகிற பந்தை வாங்கத்தான் பழக்குவார். ஷூவின் உள்பக்கத்தில் நீலச் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டுப் பந்தை உருட்டுவார். பந்தில் நீலம் படிந்து, பந்தும் காலடியிலேயே நின்றால் சரி. தெறித்து ஓடினால், "கால விறைச்சு வச்சா அது சொவரு. சொவத்துல பட்டா திரும்பித்தான் போவும். கொஞ்சம் பின்னால இழு மக்களே, பந்து கூடவே போ" என்பார். பந்து வருவதற்குள் இரண்டு தோள்களுக்குப் பின்னாலும் திரும்பிப் பார்த்தாக வேண்டும். "வந்த பெறகு பாத்தா, பாக்க மட்டும்தான் நேரம் இருக்கும், கேட்டியா?"

ஒருநாள் என் மகள் மீரா, விழிஞ்ஞத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு முட்டி உயரத்தில் வேகமாக ஒரு பாஸ் அடித்தாள். அது அந்தப் பெண்ணின் காலில் பட்டு வெளியே போனது. மீரா அவளைத் திட்டினாள். டீச்சர் ஆட்டத்தை நிறுத்தினார்.

"குத்தம் ஆருக்க?"

"அவதான் விட்டா டீச்சர்."

"கல்லெறிஞ்ச மாதிரி அடிச்சிட்டு அவளச் சொல்லுதியா? அவளுக்கு எந்தக் கால் சவுகரியம், பக்கத்துல ஆரு நிக்கா, எல்லாம் பாத்துக் குடுக்கணும். வாங்க முடியாததக் குடுத்தா அது குடுத்ததா ஆவாது."

மீரா அழுதாள். எனக்கு டீச்சர் மேல் கோபம் வந்தது. எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்று வீட்டில் ஒரு வாரம் புலம்பினேன். மீரா அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

அவரை வெளியே அனுப்பக் காரணமாக அமைந்தது ஒரு தோல்வி. ஏழு பேர் ஆடும் ஆட்டம். மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் ஒருமுறை, கோல்கீப்பரிடம் தொடங்கிய பந்து ஏழு பெண்களின் காலிலும் பட்டு எதிர்ப்பக்கம் வரை போனது. கோட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர், "ஷூட் மோளே, ஷூட்!" என்று கத்தினார்கள். கடைசிப் பெண் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கைதட்டியது டீச்சர் ஒருவர்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு தகப்பனார் வந்து, "ஒரு கோல்கூட இல்லல்லோ டீச்சரே, இவங்க இங்க என்னதான் படிக்குறாங்க?" என்றார்.

"மூணு மாசம் முந்தி இதுங்க பந்தக் கண்டா கூட்டமா ஓடும். இன்னைக்கு ஏழு பேரும் தொட்டாங்க, பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. ஆட்டம் முழுக்கத் தன் மகளை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் முகாமை நடத்தும் கமிட்டி கூடியது. டீச்சரிடம் பயிற்சியாளர் சர்டிபிகேட் இல்லை என்று செயலாளர் கண்டுபிடித்தார். அது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். சர்டிபிகேட் உள்ள ஓர் இளைஞரை ஏற்கனவே பேசி வைத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார் எந்து பறயுன்னு?" என்று என் கருத்தைக் கேட்டார்.

அடுத்த மாதம் மீராவுக்கு மாவட்ட அணிக்கான தேர்வு. தேர்வுக் குழுவில் அந்தச் செயலாளரும் இருந்தார். யாரும் என்னிடம் பேரம் பேசவில்லை. பேசும் தேவையையே நான் வைக்கவில்லை. "கமிட்டி என்ன தீர்மானிக்குதோ அதுதான்" என்றேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். மீரா தேர்வானாள்.

அதன்பின் அவர் வித்துராவில் ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். நோய் வந்ததை யாருக்கும் சொல்லவில்லை. முடிந்தவரை போய்வந்திருக்கிறார்.

போன மாதம் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. செயலாளர் கண் கலங்கப் பேசினார். எஸ்தர் டீச்சர் நினைவாக வருடந்தோறும் ஒரு கோப்பை, அதிக கோல் அடிக்கும் பெண்ணுக்கு, என்று அறிவித்தார். நான் எழுந்தேன்.

"அவங்க கோல எண்ணுனதே இல்ல. கோலுக்குப் பந்து எடுத்துக் குடுத்த பிள்ளைக்குக் குடுங்க."

"கோப்பையில பேரெல்லாம் அடிச்சு வந்தாச்சு சாரே. இனி மாத்த முடியாதல்லோ" என்றார், மிக மரியாதையாக. பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். இரண்டு வருடம் கழித்து எனக்குப் பேச வந்தது. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

போன வருடம் தம்பானூர் பஸ் நிலையத்தில் டீச்சரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். நானே பேச்சை எடுத்தேன். நான் சொல்லியிருந்தாலும் கமிட்டி கேட்டிருக்காது என்றேன்.

"கேக்க மாட்டாங்க சாரே, அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா அந்த ரூமுல நான் ஒத்தையா இருந்தேன்."

வித்துரா பஸ் வந்தது. ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. டீச்சர் ஏன் போனார் என்று மீரா கேட்ட போதெல்லாம், சர்டிபிகேட் இல்லாததால் என்று சொல்லிவந்தேன். அஞ்சலிக் கூட்டம் முடிந்து வந்த அன்று உண்மையைச் சொன்னேன். மறுநாள் காலை பயிற்சிக்கு அவள் என் ஸ்கூட்டரில் ஏறவில்லை. இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறாள்.